ஃபார்மட் அடிக்கச் சொன்னார்கள், ஒரு பென்டிரைவே போதுமாக இருந்தது: ஹிரென்ஸ் பூட்சிடி பிஇ

ராஜபாளையத்தில் என் மாமா டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, புதுமனை புகுவிழா, பில் புக், விசிட்டிங் கார்டு, ராத்திரி பதினொரு மணிக்கு வந்து கதவைத் தட்டினாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். டிசைன் இங்கே, அச்சு சிவகாசியில். எல்லா வேலையும் ஒரே கம்ப்யூட்டரில்தான். 2012-ல் வாங்கியது, விண்டோஸ் 7, 4 ஜிபி ராம், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருள், பாமினியில் தொடங்கி எண்ணிக்கை தெரியாத அளவுக்குப் பழைய தமிழ் ஃபான்ட்கள். போன வைகாசியில், முகூர்த்த சீசன் சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் காலையில் அந்த மெஷின் அவரை உள்ளே விடவில்லை.

விடவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. பாஸ்வேர்ட் கேட்டது, போட்டார், ஏற்றுக்கொண்டது. 'வெல்கம்' என்று வந்தது. டெஸ்க்டாப் வரப்போகிறது என்று நினைக்கும்போதே 'லாகிங் ஆஃப்' என்று வந்து, மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும் திரையிலேயே கொண்டுபோய் நிறுத்தியது. பத்துத் தடவை போட்டாலும் பத்துத் தடவையும் இதேதான். பாஸ்வேர்ட் தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்லும், ஹார்ட் டிஸ்க் போயிருந்தால் விண்டோஸே வராது. இது இரண்டும் இல்லை. வாசல்வரை கூப்பிட்டு, உள்ளே கால் வைத்ததும் திருப்பி அனுப்புகிற மாதிரி ஒரு கோளாறு.

மாமா சிபியூவைத் தூக்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்குப் போனார். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சு, ஃபார்மட்தான் வழி, 800 ரூபாய் ஆகும், டி டிரைவ்ல இருக்கறது அப்படியே இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்தே எனக்கு போன். "மருமகனே, ஃபைல் எல்லாம் டி டிரைவ்லதான் கெடக்கு, அடிச்சிரச் சொல்லவா?"

"மாமா, தயவுசெஞ்சு வேணாம், சிபியூவ வாங்கிட்டு வீட்டுக்கு வந்துருங்க, சனிக்கிழமை நான் வாரேன்" என்றேன்.

ஏன் அப்படிப் பதறினேன் என்று டிடிபி வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். ஃபைல் டி டிரைவில் இருக்கும், வாஸ்தவம். ஆனால் பேஜ்மேக்கரும் ஃபான்ட்களும் சி டிரைவில். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல், அந்த சிடி எந்தப் பரணில் இருக்கிறது என்று மாமாவுக்கே தெரியாது. ஃபான்ட்கள் பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு பார்ட்டியிடமிருந்தும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. பாமினி மாதிரியான ஃபான்ட்கள் யூனிகோட் கிடையாது, ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பவை. அந்த ஃபான்ட் மெஷினில் இல்லையென்றால் 'திருமணம்' என்று அடித்து வைத்தது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் திறக்கும். அதாவது சி டிரைவை அழித்துவிட்டால் டி டிரைவில் இருக்கும் பன்னிரண்டு வருஷ ஃபைல்களும் இருந்தும் இல்லாத மாதிரிதான். இதை எடுத்துச் சொல்லாமல் "டி டிரைவ் பத்திரம்" என்று மட்டும் சொல்வது எனக்கு இன்னும் கோபம் வரவைக்கிற விஷயம். கெட்ட எண்ணத்தில் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் என்ன மென்பொருள் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

சரி, இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஹிரென்ஸ் பூட்சிடி பிஇ. இலவசம். என் பையில் எப்போதும் ஒரு 16 ஜிபி பென்டிரைவில் இருக்கும். அன்றைக்கு மாமா கடையைக் காப்பாற்றியது அதுதான், அதனால் நல்லது கெட்டது இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: இது பென்டிரைவிலிருந்தே ஓடும் ஒரு குட்டி விண்டோஸ், பெயரில் இருக்கும் பிஇ அதைத்தான் குறிக்கிறது. உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் விண்டோஸைத் தொடாமல், அதை எழுப்பாமல், பக்கத்தில் நின்று அதன் ஃபைல்களையும் ரெஜிஸ்ட்ரியையும் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ஏடு) திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பழைய ஹிரென்ஸ் பூட் சிடியைப் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள், நீல நிற மெனு வரும், அதில் மினி எக்ஸ்பி என்று ஒன்று இருக்கும். அதன் கடைசிப் பதிப்பு 15.2, 2012 நவம்பரில் வந்தது, அத்தோடு நின்றுபோனது. பிறகு 2018-ல் வேறு ஆட்கள் சேர்ந்து அதே பெயரில் விண்டோஸ் 10 பிஇ அடிப்படையில் புதிதாகச் செய்தார்கள், அதுதான் இந்த பிஇ. பிந்திய பதிப்பு விண்டோஸ் 11 அடிப்படையில் இருக்கிறது. பழைய சிடியில் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்கள் சிலவும் கலந்திருந்தன என்று ஒரு குறை உண்டு, புதியதில் இலவசக் கருவிகள் மட்டும்தான்.

ஐஎஸ்ஓ ஃபைல் சுமார் 3 ஜிபி. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளை வைத்து பென்டிரைவில் ஏற்றிவிடலாம். ஏற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மாமா கம்ப்யூட்டர் மாதிரி பழைய பயாஸ் மெஷின் என்றால் எம்பிஆர் முறையிலும், புது லேப்டாப் என்றால் ஜிபிடி முறையிலும் ஏற்ற வேண்டும் (இரண்டும் டிஸ்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் முறைகள்). நான் இரண்டுக்கும் தனித்தனியாக இரண்டு பென்டிரைவ் வைத்துவிட்டேன், அது பெரிய நிம்மதி.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாமா வீட்டில் மேசைமேல் சிபியூவை வைத்து மாட்டினேன். பென்டிரைவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்தேன், இதை யாரும் தாண்டிப் போகக்கூடாது. ஒன்று, அதே மெஷினில் அத்தை பெயரில் இன்னொரு யூசர் இருந்தது, அதில் நுழைந்து பார்த்தேன். அதுவும் வெளியே தள்ளியது. இரண்டாவது, எஃப்8 அழுத்தி சேஃப் மோட், அதாவது அவசியமானது மட்டும் ஓடும் விண்டோஸ். அங்கேயும் அதே கதை. மூன்றாவது, ஏதாவது எச்சரிக்கை வருகிறதா என்று நிதானமாகக் கவனித்தேன், எதுவும் வரவில்லை.

இந்த மூன்றும் சேர்ந்து நிறையச் சொல்லிவிடும். ஒரே ஒரு யூசருக்கு மட்டும் இப்படி ஆகிறது, மற்றவர் நுழைய முடிகிறது என்றால் அந்த யூசரின் புரொஃபைல் (அவருக்கான அமைப்புகள்) கெட்டிருக்கிறது, அதற்கு மருந்தே வேறு. பெரும்பாலும் 'யூசர் புரொஃபைல் சர்வீஸ்' என்று தொடங்கும் ஒரு செய்தியும் காட்டும். கறுப்புத் திரை வந்து மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறது என்றால் அதுவும் வேறு. யார் நுழைந்தாலும், சேஃப் மோடிலும், சத்தமில்லாமல் வெளியே தள்ளுகிறது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரே ஒரு சின்ன ஃபைல்தான், யூசர்இனிட்.

பாஸ்வேர்ட் சரி என்று ஆனதும் விண்டோஸில் என்ன நடக்கிறது என்றால், வின்லோகான் என்கிற காவல்காரன் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியைப் படிக்கிறான். அந்த வரியில் எந்த புரோகிராமின் பெயர் இருக்கிறதோ அதை ஓட்டுவான். சாதாரணமாக அது யூசர்இனிட். அது வந்து லாகான் ஸ்கிரிப்ட்களை ஓட்டி, நெட்வொர்க் இணைப்புகளை மீட்டு, கடைசியாக எக்ஸ்புளோரரை எழுப்பிவிட்டுப் போய்விடும். டாஸ்க்பார், ஐகான், ஸ்டார்ட் மெனு எல்லாம் அந்த எக்ஸ்புளோரர்தான். இப்போது அந்த வரியில் இல்லாத ஒரு ஃபைலின் பெயர் இருந்தால்? ஓட்ட ஆள் இல்லை, செய்ய வேலை இல்லை, செஷன் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு லாக் ஆஃப் செய்துவிடும். சேஃப் மோடும் இதே வரியைத்தான் படிக்கிறது, அதனால்தான் அங்கேயும் தப்பிக்க முடியாது.

இந்த வரியை வைரஸ்கள் ரொம்ப நாளாகக் குறிவைக்கின்றன. ஒவ்வொரு தடவை யாராவது நுழையும்போதும் தானாக ஓடும் இடம் அது, இதைவிட வசதி வேறென்ன வேண்டும். 2004 வாக்கில் எக்ஸ்பியில் பிளேஸ்ஃபைண்ட் என்று ஒரு ஆட்வேர் இப்படித்தான் அந்த வரியில் தன் ஃபைலின் பெயரை எழுதி வைத்தது. ஸ்பைவேரைச் சுத்தம் செய்யும் மென்பொருள் வந்து அந்த ஃபைலை அழித்தது, வரியைத் திருத்தவில்லை. கெட்டதைத்தான் அழித்தது, ஆனால் அதற்குப் பிறகு யாருமே உள்ளே போக முடியவில்லை. அப்போது எக்ஸ்பி சிடியிலிருந்து வரும் கமாண்ட் திரையான ரெக்கவரி கன்சோலில் பலர் செய்த வைத்தியம் எனக்கு இன்றைக்கும் ரொம்பப் பிடித்த ஒன்று: நல்ல யூசர்இனிட் ஃபைலையே காப்பி எடுத்து, அழிந்துபோன அந்தக் கெட்ட ஃபைலின் பெயரை அதற்கு வைத்துவிடுவார்கள். விண்டோஸ் கெட்டவனைத் தேடி வரும், அந்தப் பெயரில் நல்லவன் நிற்பான், டெஸ்க்டாப் வந்துவிடும். உள்ளே போன பிறகு வரியைத் திருத்திக்கொள்ளலாம்.

மாமாவிடம் கேட்டேன், இது வருவதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று. "ஒரு பையன் போட்டோ குடுக்க பென்டிரைவ் கொண்டு வந்தான், எல்லாம் ஷார்ட்கட்டா இருந்துச்சு, ஆன்டிவைரஸ் சிவப்பா காட்டுச்சு, சரின்னு க்ளீன் குடுத்தேன்." அவ்வளவுதான், முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிட்டது. ஷார்ட்கட் வைரஸ் நம் ஊர் ஜெராக்ஸ் கடை, ஸ்டூடியோ, டிடிபி கடை எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. இது அதன் கூடவே வந்த இன்னொன்றாக இருக்கலாம், அல்லது ரொம்ப நாளாகவே உள்ளே இருந்ததை அன்றைக்குத்தான் ஆன்டிவைரஸ் பிடித்திருக்கலாம்.

பென்டிரைவைச் சொருகி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த மெஷினில் எஃப்12, வேறு மெஷின்களில் எஃப்9, எஸ்கேப் என்று மாறும். பழைய யூஎஸ்பி 2 போர்ட் என்பதால் டெஸ்க்டாப் வர நாலு நிமிடம் ஆனது. வந்ததும் மாமா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இது நம்ம விண்டோஸா?" "இல்ல மாமா, இது பென்டிரைவ்ல இருக்கறது. நம்மது இன்னும் தூங்குது."

இந்தக் கருவியில் எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான். கறுப்புத் திரையில் கமாண்ட் அடிக்கச் சொல்லாமல், பழகின டெஸ்க்டாப், பழகின 'திஸ் பிசி', மவுஸ், வலது க்ளிக் எல்லாம் இருக்கிறது. எதையும் திருத்துவதற்கு முன்னால் மாமாவின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் நடப்பு வேலைகள் இருந்த ஃபோல்டரையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் காப்பி போட்டேன், காப்பி பேஸ்ட்தான், வேறு வித்தை எதுவும் இல்லை. மருதுபாண்டியர் காலனி பார்ட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை கொடுக்க வேண்டிய பத்திரிகை ஃபைல் அந்த லிஸ்டில் கண்ணில் பட்டதும் மாமா முகம் கொஞ்சம் தெளிந்தது.

அடுத்து ரெஜிஸ்ட்ரி. இங்கே இரண்டு பள்ளம் இருக்கிறது, இரண்டிலும் விழுந்தவர்களை எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட்டைத் திறந்ததும் இடது பக்கம் எல்லாம் வழக்கம்போலத் தெரியும். ஆனால் அது பென்டிரைவ் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி, உங்கள் மெஷினுடையது இல்லை. நேராக வின்லோகான் வரை போய்ப் பார்த்தால் அங்கே எல்லாம் பிஇ-க்கு உரிய மாதிரி இருக்கும், "நம்ம பிரச்சினை இது இல்லை போல" என்று மூடிவிட்டுப் போய்விடுவீர்கள், அல்லது அதிலேயே எதையோ திருத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்வீர்கள், எதுவும் மாறியிருக்காது. செய்ய வேண்டியது இது: 'ஹெச்கீ லோக்கல் மெஷின்' மேல் ஒரு தடவை க்ளிக் செய்து, ஃபைல் மெனுவில் 'லோட் ஹைவ்' கொடுத்து (ஹைவ் என்றால் ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதி இருக்கும் ஃபைல்), உங்கள் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் ஃபோல்டர், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதற்குள் 'சாஃப்ட்வேர்' என்று, டாட் இஎக்ஸ்இ மாதிரி வால் இல்லாத ஒரு ஃபைல் இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பெயர் கேட்கும், நான் 'மாமா' என்றே ஆங்கிலத்தில் அடித்தேன். உடனே லோக்கல் மெஷினுக்குக் கீழே அந்தப் பெயரில் ஒரு மஞ்சள் ஃபோல்டர் வரும். அதுதான் தூங்குகிற விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி. அதைத் திறந்து, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன், வின்லோகான் என்று வரிசையாக இறங்கினால் வலது பக்கம் 'யூசர்இனிட்' என்ற பெயருக்கு நேரே அந்த வரி இருக்கும். விண்டோஸ் என்றும் ஒரு ஃபோல்டர் உண்டு, விண்டோஸ் என்டி என்றும் ஒன்று உண்டு, என்டி இருப்பதைத்தான் திறக்க வேண்டும்.

மாமா மெஷினில் அந்த வரியில் என்ன இருந்தது தெரியுமா? புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள், அர்த்தமில்லாத எட்டு எழுத்தில் ஒரு ஃபோல்டர், அதற்குள் எஸ்விசிஹோஸ்ட் என்று நல்ல பிள்ளை மாதிரி பெயர் வைத்த ஒரு ஃபைல். எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸின் சொந்த ஃபைல், உண்மையானது விண்டோஸ் ஃபோல்டருக்குள்தான் இருக்கும், புரோகிராம்டேட்டாவில் அதற்கு வேலையே இல்லை. போய்ப் பார்த்தேன், ஃபோல்டர் இருந்தது, உள்ளே காலி. ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைத் தூக்கியிருக்கிறது, வரியை அப்படியே விட்டுவிட்டது. இத்தனை நாளும் மாமா ஒவ்வொரு தடவை கம்ப்யூட்டரைப் போடும்போதும் முதலில் அந்த வைரஸ் ஓடி, அது யூசர்இனிட்டை எழுப்பி, அதற்குப் பிறகுதான் டெஸ்க்டாப் வந்துகொண்டிருந்திருக்கிறது.

இரண்டாவது பள்ளம் டிரைவ் எழுத்து. பிஇ-க்குள்ளிருந்து பார்க்கும்போது மாமாவின் சி டிரைவ் 'டி' என்று தெரிந்தது, டி டிரைவ் 'இ' என்று தெரிந்தது. காரணம், விண்டோஸ் 7 போடும்போது 100 எம்பி-க்கு 'சிஸ்டம் ரிசர்வ்ட்' என்று தனியாக ஒரு சின்னப் பகுதி பிரித்துக்கொள்ளும், சாதாரணமாக அதற்கு எழுத்தே கிடையாது, பிஇ-யில் அதற்கு 'சி' போய்விட்டது. பென்டிரைவ் விண்டோஸ் தனக்கு 'எக்ஸ்' என்று வைத்துக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் வரியில் 'டி' என்று எழுதிவிடுகிறார்கள். அது கூடாது. மாமாவின் விண்டோஸ் எழுந்ததும் தன்னை 'சி' என்றுதான் நினைக்கும், அதனால் வரியிலும் 'சி'தான் இருக்க வேண்டும்.

அதை அப்படியே சொல்லிவிடுகிறேன், போனில் யாருக்காவது வாசித்துக் காட்டவும் உதவும்: சி, கோலன், பேக்ஸ்லாஷ், விண்டோஸ், பேக்ஸ்லாஷ், சிஸ்டம்32, பேக்ஸ்லாஷ், யூசர்இனிட், டாட், இஎக்ஸ்இ, கடைசியில் ஒரு கமா. யூசர்இனிட் என்பதை யு, எஸ், இ, ஆர், ஐ, என், ஐ, டி (T) என்று இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாக அடிக்க வேண்டும். கமா தெரியாமல் விழுந்தது என்று நினைத்து யாரும் அழித்துவிடாதீர்கள், விண்டோஸே அப்படித்தான் எழுதி வைத்திருக்கும். அதே இடத்தில் 'ஷெல்' என்று இன்னொரு வரி இருக்கும், அதில் எக்ஸ்புளோரர் மட்டும்தான் இருக்க வேண்டும், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மாமாவுடையதில் அது சரியாக இருந்தது. அப்புறம் சிஸ்டம்32-க்குள் போய் யூசர்இனிட் ஃபைல் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பார்த்தேன். சில வைரஸ்கள் அந்த ஃபைலுக்குள்ளேயே புகுந்துகொள்ளும், அப்போது ஆன்டிவைரஸ் அதையும் சேர்த்து அழித்திருக்கும். அப்படி ஆகியிருந்தால் அதே விண்டோஸ் பதிப்பு உள்ள இன்னொரு மெஷினிலிருந்து கொண்டுவந்து வைக்க வேண்டும். இங்கே நல்லவேளை இருந்தது.

திருத்தியாயிற்று. மறக்காமல் 'மாமா' ஃபோல்டர் மேல் க்ளிக் செய்து 'அன்லோட் ஹைவ்' கொடுத்து, ரெஜ்எடிட்டை மூடி, பென்டிரைவைக் கழற்றி ரீஸ்டார்ட். மாமா பாஸ்வேர்டை ஒற்றை விரலால் அடித்தார், என்டர் தட்டியதும் கையை எடுக்கவேயில்லை. 'வெல்கம்'. இரண்டு மூன்று நொடி. பிறகு அத்தையும் மாமாவும் குற்றாலத்தில் எடுத்த போட்டோ வால்பேப்பராக வந்தது, பேஜ்மேக்கர் ஐகான் இருந்த இடத்திலேயே இருந்தது. "வந்துட்டாருய்யா" என்று அத்தையைக் கூப்பிட்டார். மணி அப்போது பத்தே கால். ஒன்றேகால் மணி நேரத்தில் பெரும்பகுதி காப்பி போடுவதற்கே போனது, கோளாறைச் சரிசெய்தது பதினைந்து நிமிடத்துக்குள்.

இப்போது நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஒரு திருத்தத்துக்கு ஹிரென்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. விண்டோஸ் டிவிடி இருந்தால் அதில் பூட் செய்து, ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் திரை வரும், அதில் ரெஜ்எடிட் என்று அடித்தால் இதே வேலையை அப்படியே செய்யலாம். கான்ஃபிக் ஃபோல்டருக்குள் 'ரெஜ்பேக்' என்று ஒன்று இருக்கும், விண்டோஸ் 7 தானாகவே அவ்வப்போது ரெஜிஸ்ட்ரியின் நகலை அங்கே வைக்கும், அதையும் எடுத்துப் போடலாம். (விண்டோஸ் 10-ல் 1803 பதிப்பிலிருந்து அது நின்றுவிட்டது, ஃபைல் இருக்கும், உள்ளே பூஜ்யம் கேபி. அதை நம்பி இறங்காதீர்கள்.) ஆனால் மாமாவின் வரி எத்தனை மாதமாக வைரஸ் கையில் இருந்தது என்று தெரியாதபோது நகலிலும் அதே வரி இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். டிவிடி வழியில் ஃபைல்களைப் பார்த்துப் பார்த்து காப்பி எடுப்பதும் சிரமம். ஹிரென்ஸில் முதலில் பத்திரப்படுத்தி, பிறகு நிதானமாகத் திருத்தலாம். தன் பிழைப்பு மொத்தமும் இருக்கும் மெஷினில் கை வைக்க நம்மைக் கூப்பிட்டவருக்கு அந்த நிதானம் ரொம்ப முக்கியம்.

வேறு ஒரு சமயமும் இது எனக்குக் கைகொடுத்திருக்கிறது. நண்பர் ஒருவர் ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டிக்கு குளோன் (அப்படியே நகல்) செய்துவிட்டு, பழையதையும் கழற்றாமல் அப்படியே மாட்டி ஆன் செய்துவிட்டார். புது டிஸ்கிலிருந்து எழுந்த விண்டோஸ் தன்னை வேறு எழுத்து என்று நினைத்துக்கொண்டது, 'சி' பழைய டிஸ்குக்குப் போய்விட்டது. அவருக்கும் உள்ளே போனதும் வெளியே தள்ளல்தான், ஆனால் யூசர்இனிட் வரி சுத்தமாக இருந்தது. இப்படி இருந்தால் 'சாஃப்ட்வேர்' ஹைவ் அல்ல, 'சிஸ்டம்' ஹைவைத் திறந்து, 'மவுன்டட் டிவைசஸ்' என்ற இடத்தில் எழுத்து எந்த டிஸ்குக்குப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குளோன் செய்ததும் முதல் தடவை ஆன் செய்யும்போது பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

குறைகளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இது 64 பிட் மெஷினில்தான் ஓடும். உள்ளே 32 பிட் விண்டோஸ் இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் பிராசசர் 64 பிட்டாக இருக்க வேண்டும். ராம் 4 ஜிபி இருந்தால் நிம்மதி. 2 ஜிபி மெஷினில் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு க்ளிக்குக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. ரொம்பப் பழைய மெஷின் என்றால் 2012-ன் 15.2-ஐயே தேடிப்போக வேண்டியிருக்கும்.

அடுத்தது, புது லேப்டாப்கள். இன்டெல் பிராசசர் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பலவற்றில் டிஸ்க்குகளைக் கையாளும் விஎம்டி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, அது ஆனில் இருந்தால் பிஇ-யின் கண்ணுக்கு லேப்டாப்பின் எஸ்எஸ்டியே தெரியாமல் போகலாம், தனியாக டிரைவர் கொடுக்க வேண்டும். டிஸ்க் தெரியவில்லை என்றதும் டிஸ்க் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். இதைவிடப் பெரியது பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டும் விண்டோஸின் ஏற்பாடு. விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் நாம் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இல்லையென்றால் ஹிரென்ஸ் என்ன, வேறு எதுவும் உள்ளே போகாது. அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், லேப்டாப் நன்றாக இருக்கும்போதே எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது எனக்கு உண்மையிலேயே கவலையானது. இதற்குள் பாஸ்வேர்டை அழிக்கும் கருவி, பார்ட்டிஷன் பிரிக்கும் கருவி எல்லாம் ஒரே மெனுவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆர்வத்தில் ஒன்றைத் திறந்து ஓகே கொடுத்துவிட்டால் ஃபார்மட் அடித்ததைவிட மோசமான நிலைக்குக் கொண்டுபோய்விடும். காப்பி எடுக்கவும் ரெஜ்எடிட்டுக்கும் மட்டும் இதைத் திறங்கள், மற்றது என்னவென்று தெரிந்த பிறகு பார்க்கலாம். இந்த பென்டிரைவ் ஒன்று கையில் இருந்தால் பூட்டாத எந்தக் கம்ப்யூட்டரின் ஃபைல்களையும் யாரும் படிக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள், கண்ட இடத்தில் போட்டு வைக்கும் பொருள் இல்லை இது.

லினக்ஸில் இதே கோளாறு வந்தால் இது உதவாது. நம் பிள்ளைகளுக்கு 2011-லிருந்து கொடுத்த அரசு லேப்டாப்களில் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது, இன்னொரு லினக்ஸான உபுன்டு போட்டுக்கொண்டவர்களும் நிறையப் பேர். அதில் உள்ளே விட்டு வெளியே தள்ளினால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் முதலில் டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று பாருங்கள், அடுத்து ஹோம் ஃபோல்டரில் 'எக்ஸ்அதாரிட்டி' என்ற மறைந்த ஃபைல் ரூட் என்ற நிர்வாகி பெயரில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு எதையாவது ஓட்டிய பிறகு அப்படி மாறுவது வழக்கம். திரும்ப உங்கள் பெயருக்கு மாற்றினால் திறந்துவிடும்.

மாமா மெஷினில் அன்றைக்குச் சாயங்காலம் வரை இருந்து மிச்ச வேலையையும் முடித்தேன். தானாக ஓடும் இடங்களில் அந்த எட்டெழுத்து ஃபோல்டரின் சுவடு இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது, எடுத்தேன். பிறகு ஹிரென்ஸிலேயே இருக்கும் இமேஜ் எடுக்கும் கருவியை வைத்து சி டிரைவ் முழுவதையும், பேஜ்மேக்கர் ஃபான்ட் பிரிண்டர் டிரைவர் எல்லாம் சேர்த்து, ஒரே ஃபைலாக எக்ஸ்டர்னல் டிஸ்கில் எடுத்து வைத்தேன். இனி ஹார்ட் டிஸ்கே போனாலும் புது டிஸ்கில் அதைக் கொட்டினால் இதே கடை இதே நிலையில் திரும்ப வரும். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது, அதனால் அந்த மெஷினில் நெட் வேண்டாம் என்று கேபிளையும் கழற்றிவிட்டேன். பார்ட்டிகள் கொண்டுவரும் பென்டிரைவை முதலில் அத்தையின் லேப்டாப்பில் சொருகிப் பார்த்து, போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டு, பிறகுதான் இதற்கு மாற்றுவது என்று ஏற்பாடு.

நான் கிளம்பும்போது மாமா மருதுபாண்டியர் காலனி பத்திரிகையில் மணமகளின் பாட்டி பெயருக்கு முன்னால் 'அமரர்' போடச் சொல்லி போனில் வந்த திருத்தத்தைச் செய்துகொண்டிருந்தார். ஒரு 16 ஜிபி பென்டிரைவை வாங்கி மேசைமேல் வைத்திருந்தார், அவருக்கும் ஒரு ஹிரென்ஸ் போட்டுத் தரச் சொல்லி. எம்பிஆர் முறையில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுத் தாளில் 'சாஃப்ட்வேர் ஹைவ், விண்டோஸ் என்டி, வின்லோகான், கடைசியில் கமா' என்று எழுதி ரப்பர் பேண்ட் போட்டு அதோடு கட்டி வைத்தேன்.